பிராசஸர் கடைசி வரியில் வரட்டும்

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க நினைப்பவர் கல்மண்டபத்தில் விசாரித்தாலும் ரிச்சி தெருவில் விசாரித்தாலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: கையிலிருக்கும் பணத்துக்கு எவ்வளவு பெரிய பிராசஸர் வருமோ அதைப் போட்டுவிடு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இதற்குச் சொல்லப்படும் காரணமும் கேட்க நியாயமாகவே இருக்கிறது. ரேமை எப்போது வேண்டுமானாலும் கூட்டலாம், டிஸ்க்கை மாற்றலாம், நல்ல மானிட்டரை அடுத்த தீபாவளிக்கு வாங்கலாம். பிராசஸர் மட்டும் ஒருமுறை போட்டால் போட்டதுதான். ஆகவே ஐ3 வேண்டாம், ஐ5 பரவாயில்லை, ஐ7 என்றால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. இந்தக் கணக்கை நம்பிக் கடன் வாங்கியாவது ஐ7 போடுகிறவர்கள், பணம் அதிலேயே தீர்ந்துவிடுவதால், எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கியோடு சேர்த்தே விற்கப்படும் மலிவு கேபினெட்டில் அதைப் பொருத்தி, யூ.பி.எஸ். இல்லாமல், தரையில் வைத்து ஓட்டுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு என்பதே என் வாதம். எந்த ஊரிலும் அது தவறு. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் இந்தக் கடற்கரையில் இரட்டிப்புத் தவறு. இங்கே கம்ப்யூட்டர் வாங்கும் வரிசை சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் தொடங்கி பிராசஸரில் முடிய வேண்டும்.

முதலில் அந்த ஐ7 என்ற பெயரையே சோதித்துப் பார்ப்போம். ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே காலத்தில் வெளிவந்த இன்டெல் பிராசஸர்களுக்குள் எது மேல், எது கீழ் என்று சொல்லும் பெயர்கள். ஆண்டுகளைத் தாண்டி ஒப்பிட்டால் அவற்றுக்கு ஒரு பொருளும் கிடையாது. 2017 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட ஐ7-7700கே அந்தத் தலைமுறையில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கான உச்சம்: நான்கு கோர், எட்டு த்ரெட், விலை சுமார் 340 டாலர். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு கோர், அதே எட்டு த்ரெட். விலையோ ஏறத்தாழ 120 டாலர். வேகத்தில் இந்த ஐ3 அந்த ஐ7ஐ மிஞ்சுகிறது, அதுவும் குறைந்த மின்சாரத்தில். பெயரைப் பார்த்து வாங்கும் பழக்கத்தால் வரும் தீங்கு இதோடு நிற்பதில்லை. எச்61 என்ற சிப்செட் 2011இல் வந்தது. அதைக் கொண்ட மதர்போர்டில், பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ7 பிராசஸரைப் பொருத்தி, புது கேபினெட்டில் அடைத்து, ‘ஐ7 சிஸ்டம்’ என்று விற்பது இன்றும் நடக்கிறது. விற்பவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை; உள்ளே இருப்பது ஐ7தான். அடுக்கை மட்டும் கேட்கப் பழகியவருக்குத் தலைமுறையைக் கேட்கத் தோன்றாது என்பதே அந்த வியாபாரத்தின் மூலதனம்.

‘பத்து வருஷம் தாங்கும்’ என்ற வாக்குறுதிக்கு வருவோம். அந்த 7700கேவை 2017இல் வாங்கியவருக்கு என்ன நடந்தது? 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது, மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆதரவுப் பட்டியல் இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்தே பெரும்பாலும் தொடங்கியது. ஏழாம் தலைமுறையின் உச்சமான 7700கேவுக்கு அதில் இடமில்லை. அதே 2017இன் அக்டோபரில் வந்த ஐ3-8100க்கு இடம் இருந்தது. 2018இல் நாற்பது டாலர் சொச்சத்துக்கு வந்த செலரான் ஜி4900க்கும் இடம் இருந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய ஐ7 இன்னும் வேலை செய்யும்தான். லினக்ஸ் போட்டால் நன்றாகவே ஓடும். ஆனால் டேலியும் விண்டோஸும் இல்லாமல் பிழைப்பு நடக்காத ஒரு கிளியரிங் ஏஜென்ட் வீட்டுக்கு அது ஆறுதல் அல்ல. வீடியோவிலும் இதே கதைதான். யூடியூப் இன்று பயன்படுத்தும் ஏவி1 என்ற காணொளி வடிவத்தை விரிக்க 7700கேவின் உள்ளே தனிச் சுற்று கிடையாது. 12100இன் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் இருக்கிறது. ஒரு பிராசஸர் காலாவதியாவதை அதன் வேகம் தீர்மானிப்பதில்லை. பாதுகாப்புச் சுற்று, காணொளி வடிவம், இயங்குதள ஆதரவு ஆகியவை தீர்மானிக்கின்றன. அவை எப்போது மாறும் என்பதை அதிக விலை கொடுத்து முன்கூட்டி வாங்க முடியாது. அவை பிறந்த ஆண்டோடு வருபவை. இந்த ஆண்டு இடைநிலைப் பிராசஸர் ஒன்றும், ஐந்தாறு ஆண்டு கழித்து அப்போதைய இடைநிலைப் பிராசஸர் ஒன்றும் வாங்குகிறவர், இன்றே உச்சத்தை வாங்கிப் பத்தாண்டு காத்திருப்பவரைவிடக் கடைசியில் முன்னால் இருப்பார்.

அடுத்தது வேகம். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று வீட்டில் சொல்லும்போது, பெரும்பாலும் பிராசஸர் வேலை செய்வதில் தாமதம் இல்லை; அதற்கு வேலை வந்து சேர்வதில்தான் தாமதம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் ஒரு தகவலை எடுக்க, ஊசி நகரும் நேரமும் தட்டு சுற்றி வரும் நேரமும் சேர்ந்து ஏறக்குறைய 12 மில்லி விநாடி ஆகிறது. நான்கு கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் ஒன்று அதற்குள் 4.8 கோடி துடிப்புகளைச் சும்மா கழிக்கிறது. அந்தக் காத்திருப்பில் ஐ3க்கும் ஐ7க்கும் வேறுபாடு இல்லை. எஸ்.எஸ்.டி.யில் அதே தகவல் பத்தில் ஒரு மில்லி விநாடி அளவில் வந்துவிடும். கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இலேயே இதன் கணக்கைச் சொல்லிவிட்டார்: பத்து விநாடி ஆகும் ஒரு வேலையில் பிராசஸரின் பங்கு இரண்டு விநாடிதான் என்றால், பிராசஸரை இரட்டிப்பு வேகமாக்கினாலும் மிச்சமாவது ஒரே ஒரு விநாடி. ரேமும் அப்படியே. எட்டு ஜிபி நிரம்பி, பிரவுசரும் டேலியும் மாறி மாறி டிஸ்க்குக்குத் தள்ளப்படும்போது எந்த ஐ7ஆலும் உதவ முடியாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில், பதினாறு ஜிபி ஒற்றைக் கம்பியாக இருப்பதைவிட எட்டு எட்டாக இரண்டு இருந்தால் படம் காட்டும் திறன் கண்கூடாக உயர்கிறது. உள்ளமைந்த கிராஃபிக்ஸ் ரேமையே நம்பி ஓடுவதால் இரண்டு வழியில் தகவல் வருவது அதற்குப் பெரிய பலம். இவ்வளவு தெரிந்த உண்மைகள் இருந்தும், ஐ7க்காக எஸ்.எஸ்.டி.யை 256இல் நிறுத்தி, ரேமை எட்டில் நிறுத்துவது பணத்தைக் கொடுத்துக் காத்திருப்பை வாங்குவதாகும்.

இதுவரை சொன்னது மதுரைக்கும் கோவைக்கும் பொருந்தும். இனிச் சொல்வது இந்தக் கடற்கரைக்கு உரியது; என் வாதத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது. பிராசஸர் இழுக்கும் ஒவ்வொரு வாட் மின்சாரமும் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஒரே வழி காற்று. ஃபேன் வெளிக்காற்றை இழுத்து உள்ளே செலுத்துகிறது. ராயபுரத்தில் அந்தக் காற்றில் என்ன இருக்கிறது? காசிமேட்டுக்கு அப்பால் அலையடிக்கும் கடலின் உப்புத் துகள் இருக்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் கரி இருக்கிறது. மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், அத்திப்பட்டின் நிலக்கரி அனல் மின் நிலையங்களும் இருக்கும் திசையிலிருந்து வரும் கந்தக வாயுக்களும் சாம்பலும் இருக்கின்றன. உப்பு ஈரத்தை உறிஞ்சும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானே கரைந்து நீர்ப்படலமாகிவிடும். சென்னையில் ஆண்டின் பல மாதங்களில் காலை ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுகிறது. மதர்போர்டில் படிந்த தூசுக்குள் இருக்கும் உப்பு இரவில் கரைந்து, ரேம் முனைகளையும் தாமிரத் தடங்களையும் அரிக்கிறது. கந்தகம் வெள்ளியையும் தாமிரத்தையும் கறுக்கச் செய்கிறது. ‘டிஸ்ப்ளே வரவில்லை, ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டால் வருகிறது’ என்று சொல்லப்படும் கோளாறுக்கு இந்த அரிப்பு ஒரு முக்கியக் காரணம். ஐ3-12100இன் உச்ச மின் அளவு 89 வாட். ஐ7க்கும் மேலான ஐ9-13900கேவின் உச்சம் 253 வாட். கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெப்பம், அதை வெளியேற்ற அதற்கேற்ற காற்று, அந்தக் காற்றோடு அதற்கேற்ற உப்பும் கரியும். பெரிய பிராசஸர் வாங்குகிறவர் தன் மதர்போர்டு அரிபடும் வேகத்தையும் சேர்த்தே வாங்குகிறார்.

வெப்பத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. மதர்போர்டிலும் எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் பத்து டிகிரி கூடுதல் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும் என்பது மின்னணுத் துறையில் வெகுகாலமாகப் பின்பற்றப்படும் கணக்கு. மே மாதம் வெளியே நாற்பது டிகிரியைத் தொடும் நாளில், ஏ.சி. இல்லாத மாடி அறையில் கேபினெட்டுக்குள் நுழையும் காற்றே சூடாக இருக்கிறது. இந்தப் பிராசஸர்கள் நூறு டிகிரியை எட்டியதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆகவே ஐ9 பெட்டியின் மேல் அச்சிட்ட உச்ச வேகம் குளிரூட்டிய அறைக்குரியது. காசு கொடுத்து வாங்கிய அந்த வேகம் ராயபுரத்து மே மாதப் பிற்பகலில் அதிக நேரம் நிற்காது. மின்கட்டணத்தையும் பாருங்கள். நூறு வாட் இழுக்கும் சிஸ்டம் தினம் ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். முந்நூறு வாட் இழுத்தால் 108 யூனிட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்ற சலுகையை இந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும்.

காற்றுக்கு அடுத்தபடி மின்சாரம். கோடை மாலைகளில் தெரு முழுக்க ஏ.சி.கள் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்குவதும், மின்சாரம் போய் வரும்போது துள்ளுவதும் இங்கே புதிதல்ல. நம் மின்சாரத்தின் ஒரு அலை 20 மில்லி விநாடி. ஒழுங்காகச் செய்த எஸ்.எம்.பி.எஸ். அதில் பெரும்பகுதி நேரம், அதாவது பதினேழு மில்லி விநாடி அளவுக்கு, மின்சாரம் இல்லாமலே தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதும், 12 வோல்ட் வழி ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்பதும் ஏடிஎக்ஸ் வடிவமைப்பின் நெறி. கேபினெட்டோடு இலவசம் போல வரும், ‘450 வாட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி இந்த நெறியைக் காப்பாற்றும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 80 பிளஸ் முத்திரை 2004இலிருந்து இருக்கிறது. அது மின் சிக்கனத்துக்கான சான்றுதான், பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஆனால் மிகை வோல்டேஜ், குறுக்குச் சுற்று ஆகியவற்றுக்குத் தடுப்பும் 105 டிகிரி கெபாசிட்டரும் உள்ள அறிந்த தயாரிப்புகளில் அந்த முத்திரையும் பெரும்பாலும் இருக்கும். மற்ற பாகம் கெட்டால் அது மட்டும் கெடும். எஸ்.எம்.பி.எஸ். மோசமாகக் கெட்டால் மதர்போர்டு, டிஸ்க், பிராசஸர் என்று எதை வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு 600 விஏ யூ.பி.எஸ். சுமார் 360 வாட் தாங்கும். சிறிய பிராசஸர் கொண்ட வீட்டுச் சிஸ்டத்துக்கு அது தாராளம், பெரிய பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்ததற்குப் போதாது. டேலிக் கணக்கு எழுதும்போது மின்சாரம் போனால் கெடுவது தகவல். அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. பழைய வீடுகளில் மூன்றாம் முனைக்கு எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பதும் இந்தச் செலவில் சேரும்.

மறுதரப்பின் வலுவான வாதம், பிராசஸரைப் பிறகு மாற்ற முடியாது என்பது. இது இன்டெலின் வழக்கத்தைப் பொது விதியாக்கியதால் வந்த தவறு. 2017இல் ஏஎம்டியின் ரைசன் பிராசஸரோடு பரவிய ஏஎம்4 மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. அதற்கு அடுத்து வந்த ஏஎம்5க்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மாற்றத்தான் வேண்டுமென்றால், நல்ல எஸ்.எம்.பி.எஸ்., நல்ல கேபினெட், எஸ்.எஸ்.டி., மானிட்டர் ஆகிய எல்லாமே அடுத்த மதர்போர்டுக்கும் பிராசஸருக்கும் அப்படியே உதவும். நீடித்து நிற்பவை அவை. காலத்தோடு கழிவது பிராசஸர். விலை உயர்ந்தது கெடாது என்ற நம்பிக்கையையும் 2024 உடைத்துவிட்டது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கம்ப்யூட்டர்களில் ஐ9, ஐ7 போன்ற மேல் அடுக்குப் பிராசஸர்கள் மிகை வோல்டேஜால் உள்ளுக்குள் தேய்ந்து நிலைகுலைந்தன. ஆகஸ்டில் திருத்தக் குறியீடு வந்தது. ஏற்கனவே தேய்ந்ததை அது சரிசெய்யாது என்பதால் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டினார்கள். உச்ச வேகத்துக்காக வோல்டேஜை எல்லை வரை தள்ளியதன் விளைவு அது. அந்த ஓட்டத்தில் இறங்காத ஐ3க்கு அந்த நோய் வரவில்லை.

வீடியோ எடிட்டிங், கேம், பொறியியல் படிப்பு இவற்றுக்குப் பெரிய பிராசஸர் வேண்டாமா என்பது நேர்மையான கேள்வி. முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவருக்கும், பெரிய மென்பொருள்களைத் தினமும் கம்பைல் செய்பவருக்கும் வேண்டும், அவர்கள் வாங்கட்டும். அவர்களுக்கு எஸ்.எம்.பி.எஸ்ஸும் காற்றோட்டமும் இன்னும் அவசியம், ஆகவே வரிசை மாறாது. மற்றவர்களின் தேவை வேறு. கேமுக்குப் பணம் போக வேண்டிய இடம் கிராஃபிக்ஸ் கார்டு. கானாப் பாடல் வீடியோவை வெட்டி ஒட்டிப் பதிவேற்றும் இளைஞருக்கு உதவும் இன்டெலின் குவிக் சிங்க் என்ற காணொளிச் சுற்று, உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்கும் ஐ3யிலும் இருக்கிறது. ஆட்டோகேட் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது; பதினாறு கோருக்குக் கொடுத்த காசில் பதினைந்துக்கு அங்கே வேலை குறைவு.

எங்கள் வீட்டு டிவியும் ஃபிரிட்ஜும் இதே உப்புக் காற்றில் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றனவே என்று சிலர் கேட்பார்கள். டிவிக்குள் ஃபேன் வைத்து வெளிக்காற்றை மணிக்கணக்கில் இழுப்பதில்லை. கம்ப்யூட்டர் அதைத்தான் செய்கிறது. ரேம் விலை 2025 இறுதியில் கடுமையாக ஏறிவிட்டதே, பதினாறு ஜிபிக்கு எங்கே போவது என்பதும் நியாயமான மனக்குறை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் வந்த ஏற்றம் அது. ஆனால் அந்த ஏற்றம் என் வாதத்தை வலுப்படுத்துகிறது: ரேம் விலை ஏறிய காலத்தில் அதை ஈடுகட்டப் பணம் வர வேண்டிய இடம், தேவையின்றிப் பெருத்த பிராசஸர் செலவுதான். லேப்டாப் வாங்கிவிட்டால் யூ.பி.எஸ். பிரச்சினை இல்லையே என்றால், கல்லூரிக்குத் தூக்கிச் செல்பவருக்கு அது சரி. ஒரே மேசையில் குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு, பாகம் பாகமாகப் பழுது பார்க்கவும் மாற்றவும் முடிகிற பெட்டியே நீண்ட நாளில் மலிவு.

ஆகவே வரிசை இது. எர்த், யூ.பி.எஸ்., தரமான எஸ்.எம்.பி.எஸ். முதலில். அடுத்து, முன்பக்கம் கழற்றித் துடைக்கக்கூடிய தூசு வலை உள்ள கேபினெட். அது தரையில் நிற்கக் கூடாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னை வீடுகளில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பது இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு எஸ்.எஸ்.டி. 512 ஜிபி, ரேம் எட்டெட்டாகப் பதினாறு, கண்ணுக்கு இதமான மானிட்டர், தகவலை நகல் எடுத்து வைக்கத் தனியே ஒரு டிஸ்க். இவ்வளவும் போக மீதியுள்ள பணத்தில் மதர்போர்டும் பிராசஸரும்: அண்மைத் தலைமுறையின் ஐ3, அல்லது ரைசன் 5 5600ஜி போல உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கொண்ட 65 வாட் வகை. இன்டெலில் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது என்பதை மறக்க வேண்டாம். வாங்கியபின் வாரக்கணக்கில் அணைத்து வைக்காமல் தினமும் சற்று நேரமாவது ஓட்டுங்கள். ஓடும்போது உள்ளே வரும் மிதமான சூடு ஈரத்தைத் தள்ளி வைக்கும். இந்தப் பாதுகாப்புக்குத் தனிச் செலவே இல்லை.

பிராசஸரை முன்னிறுத்தும் பார்வை ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்றால், ஐ7 என்பதை ஒரு மூச்சில் சொல்லி விற்கலாம்; எர்த், கெபாசிட்டர், தூசு வலை என்று விளக்கி விற்பது கடினம். மேலே இருப்பதைக் கேட்பவருக்கு மேலானதைத் தருவதில் கடைக்காரருக்கு நஷ்டமும் இல்லை. நஷ்டம் வாங்குபவருக்குத்தான், அதுவும் எட்டுப் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே கம்ப்யூட்டர் வாங்க முடிகிற குடும்பத்துக்கு. ஆண்டுதோறும் மாற்ற வசதியுள்ளவர் தவறாக வாங்கினாலும் அடுத்த ஆண்டு திருத்திக்கொள்வார். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுத் தொழிலுக்கும் ஒரே பெட்டியை நம்பியிருப்பவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. அவருக்கு வேண்டியது மிக வேகமான கம்ப்யூட்டர் அல்ல. பரீட்சைக்கு முந்தின இரவும், ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளும், மின்சாரம் போய் வந்த பிறகும் தவறாமல் திறக்கும் கம்ப்யூட்டர். அந்த உறுதியைத் தருபவை பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கும் பாகங்கள். பணம் முதலில் போக வேண்டியது அவற்றுக்கே.